வெறும் உரல்

கல்மலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்கிறேன். மற்றவர்களும் கேட்கலாம், ஆனால் உங்களுக்குத்தான் விளங்கும். சோற்றில் கல் நெறிபட்டால் நாம் துப்பமாட்டோம், அப்படியே விழுங்குவோம். இன்றைக்கும் நல்ல ஓட்டலில் உட்கார்ந்தால் என் பல் கல்லைத் தேடுகிறது. கல்லே இல்லாத சோறு என்றால் எனக்குச் சந்தேகம். யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றும்.

படமெடுக்கிறவர்களைக் கண்டாலும் எனக்கு அப்படித்தான்.

உத்திரமேரூர் பஸ் நம் ஊர் முனையில் திரும்பும்போதே புளியமரங்கள் வெளுத்துப்போய் நிற்குமே, நினைவிருக்கிறதா? மாவு சலித்துத் தூவிய மாதிரி. மழை பெய்தால் ஒரு நாள் பச்சை. மறுநாள் கல் அரைக்கிற கிரஷர் ஓடியதும் பழைய வெளுப்பு. மதியத்தில் ஒருவர் சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு "வேட்டு! வேட்டேய்!" என்று கத்தியபடி ஓடி வருவார். நாம் காதைப் பொத்துவோம். மலை ஒருமுறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு குமுறும். பிறகு காக்காய்கள். பிறகு தூசி. அவசரமே இல்லாமல் இறங்கும். குடத்தின்மேல், பாடப்புத்தகத்தின்மேல், தூங்குகிற நாயின் இமையின்மேல், எல்லாவற்றின்மேலும் சமமாக. அப்படி ஒரு சமத்துவத்தை அந்த ஊரில் வேறெதிலும் நான் பார்த்ததில்லை.

என் நைனா மலையில் குழி போடுகிறவர். வெடி வைப்பதற்கு முன் பாறையில் மெஷினால் துளை போடவேண்டும். துளையிலிருந்து கிளம்புகிற கல்மாவு நேராக முகத்துக்குத்தான் வரும். சாயங்காலம் அவர் வீடு திரும்பும்போது புருவம், மீசை, காது மடல், கால் விரல் எல்லாம் வெள்ளை. கிழவர் வேஷம் போட்டு வருகிறார் என்று நான் சிரிப்பேன். குளித்ததும் மறுபடி வாலிபராகிவிடுவார். ஒரு வருஷம், குளித்தும் ஆகவில்லை.

அந்த வருஷத்துப் பங்குனியைப் பற்றித்தான் சொல்லவந்தேன்.

நைனா வேலைக்குப் போவது நின்றுவிட்டிருந்தது. இருமல் என்று சொன்னால் போதாது. தகரத்தைத் தெருவில் இழுத்துக்கொண்டு போகிற சத்தம் அது. இருமி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறந்துபோன எதையோ ஞாபகப்படுத்திக்கொள்கிறவர் போல நிற்பார். ஊர் அதை எளப்பு என்றது. குவாரி மேஸ்திரி வேறு பெயர் வைத்தார்.

"குடிச்சிக் குடிச்சி ஈரல் பூட்ச்சி. கல்லு மேல பழி போடாதமே. நானுந்தான் அதே மலையில நிக்கறேன். எனக்கு இன்னா ஆச்சி?"

மேஸ்திரி நின்றது மலையின் நிழலில், குடையோடு. நைனா பொங்கலுக்குக் குடிப்பார், குடித்தால் தூங்கிவிடுவார். அவ்வளவுதான் அவருடைய குடி. ஆனால் அம்மா மேஸ்திரியை மறுத்துப் பேசவில்லை. அதற்கு ஒரு கணக்கு இருந்தது. குடி என்றால் பெண் எடுப்பார்கள், குடிக்காத வீடு எது? சீக்கு என்றால் வாசலை மிதிக்கமாட்டார்கள். அக்காவுக்குப் பழையசீவரத்திலிருந்து ஒரு இடம் பேச்சில் இருந்தது. அது கைகூடும்வரை நைனாவின் நெஞ்சு யார் காதிலும் விழக்கூடாது.

நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டே. முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். வழிப்போக்கர் போலத் தண்ணி கேட்பார்கள். தண்ணியைக் கொண்டுவருவது யார், நடை எப்படி, சொம்பு துலக்கியிருக்கிறதா, வீட்டில் சீக்கு உண்டா என்று பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். பெண் வீட்டாருக்குப் புரிந்துவிடும். ஆனால் புரிந்ததாகக் காட்டக்கூடாது. ‘நீங்க யாரு?’ என்று வாய் தவறிக் கேட்டால் சம்பந்தம் அங்கேயே முறிந்தது. இரண்டு பக்கமும் நடிக்கவேண்டும். அந்த நடிப்பில் என் அம்மாவை மிஞ்ச ஆளில்லை.

அதே மாதம் குழாயடியில் இன்னொரு பேச்சும் கிளம்பியது. கிளப்பியவர் மேஸ்திரிதான்.

"வெள்ளை வேன்ல ரெண்டு பொம்பளைங்க சுத்திக்கினு கீறாளுங்க. ஒருத்தி சங்கத்துக்காரி, ஒருத்தி படம் புடிக்கிறவ. சீக்குக்காரனாப் பாத்துப் படம் எடுத்து, பேப்பர்ல போட்டு, குவாரிய மூடப் போறாளுங்களாம். அப்பால இன்னா பண்ணுவீங்க? கல்லத் துன்னுவீங்களா?"

"இப்ப மட்டும் இன்னாத்த துன்னுக்கினு கீறோம்?" என்றாள் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை. குழாயடியே சிரித்தது.

சிரித்தவர்களும் பயந்தார்கள். படத்தைக் காட்டி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துக் கிட்னியை எடுத்துவிடுவார்கள் என்றார்கள். படத்தில் விழுந்த முகத்தை வெளிநாட்டில் காட்டிப் பிச்சை எடுப்பார்கள் என்றார்கள். இந்தக் கடைசிச் சந்தேகம் முழுப் பொய் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவள் மனதில் தங்கியது ஒன்றுதான்: வெள்ளை வேன். வேனில் வருகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

அந்த இரண்டு பெண்கள் நடந்து வந்தார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தேன். ஒருத்தி குட்டை, நடு வயது, கையில் ஆம்பிளை வாட்ச், மடக்கிய குடை. இன்னொருத்தி நெட்டை, தோளில் கனமான துணிப்பை. இருவர் காலும் கெண்டைக்கால்வரை புழுதி. எங்கள் வாசலுக்கு எதிரே புங்கமர நிழலில் நின்று குட்டையம்மாதான் குரல் கொடுத்தார்.

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அம்மாவின் முகம் அப்படி விளக்கேற்றிக்கொண்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"தோ வரேம்மா, நெழல்லயே நில்லுங்க!" குரல் வெளியே போனது, ஆள் உள்ளே போனாள். நைனாவைத் தூக்கிச் சுவரோரம் உட்காரவைத்தாள். வாயில் ஒரு துண்டு கல்கண்டைத் திணித்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். எங்கள் பூட்டு தொலைந்து வெகுநாள். கொண்டியில் சோற்றுக் கரண்டியின் காம்பைச் செருகினாள். இப்போது பார்த்தால் வீட்டுக்குள் ஆளில்லை. பிறகு என் தோளைப் பிடித்து முற்றத்து உரலண்டை தள்ளினாள்.

"உள்ள சத்தம் வந்தா இடி. வுடாம இடி."

"உரல்ல ஒண்ணும் இல்லியேமா."

"இடின்றனில்ல."

வெறும் உரலை இடித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று முன்பு என் முதுகில் ஒரு அடி வைத்தவளும் இதே அம்மாதான்.

இதற்குள் அக்கா வேலியைத் தாண்டிவிட்டிருந்தாள். "அத்தே, கம்மலக் குடு, வந்துட்டாங்க!"

"யார்ரீ வந்துட்டாங்க?"

"தண்ணி கேக்கறாங்க!"

"அய்ய, இருடி, காதோட புட்டுக்கினு பூடாத! நா மூளிக்காதோட நிக்கணுமா ஒன் மாமியாருக்கு?"

அக்கா சொம்போடு நடந்து வந்தாள். தளும்பாமல், தலை நிமிராமல், அத்தையின் கம்மல் மட்டும் ஆட. குட்டையம்மா தண்ணியைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நாங்க எங்கேருந்து வர்றோம்னாம்மா..."

"அதெல்லாம் இன்னாத்துக்குமா?" அம்மா பதறிப்போய்க் குறுக்கே விழுந்தாள். "வந்தவங்கள யாருன்னு கேக்கற வயக்கம் எங்க வூட்ல கெடையாது. இன்னொரு சொம்பு குடிங்க. வண்டியில வந்தீங்களா?"

"நடந்துதாம்மா வர்றோம். காலைப் பாருங்களேன்."

அம்மாவுக்கு அந்தக் கால்களே சாட்சி. வேன் பஞ்சராகி ஏரிக்கரைப் பாலத்தண்டை நின்றிருந்தது எங்களுக்கு மறுநாள்தான் தெரியும்.

"வீட்டுக்காரர் என்ன வேலைம்மா?"

"மலையிலதாம்மா. காலையிலயே பூட்டாரு. ஒரு நாளு வூட்ல தங்கமாட்டாரு."

உள்ளே தகரம் இழுபடத் தொடங்கியது. நான் உலக்கையைத் தூக்கிப் போட்டேன். ணங். நெல் இருந்தால் தும் என்று விழுகிற பூண், வெறும் கல்லில் பட்டுத் தோள்வரை அதிர்ந்தது.

"வீட்ல யாருக்காவது இருமல், மூச்சு வாங்கறது, அந்த மாதிரி ஏதாவது இருக்காம்மா?"

அம்மா காத்திருந்த கேள்வி. மாப்பிள்ளை வீட்டார் வேறென்ன கேட்பார்கள்?

"எங்க வமிசத்துலயே அது கெடையாதும்மா. அவுங்க வயி, எங்க வயி, எல்லாருக்கும் கல்லாட்டம் ஒடம்பு."

ணங். ணங்.

"பாப்பா என்ன இடிக்குது?"

"அது சின்னது. வெளையாடிக்கினு கீது."

முதலில் நான்தான் நைனாவின் இருமலைத் துரத்திக்கொண்டு இடித்தேன். கொஞ்ச நேரத்தில் அது மாறிவிட்டது. நான் உலக்கையை ஓங்கும்போது உள்ளே ஒரு சத்தமும் இருக்காது. உலக்கை விழுகிற அந்தக் கணத்தில் அவர் இருமிக்கொள்வார். ஓங்கினால் மௌனம், விழுந்தால் இருமல். கதவுக்கு அந்தப் பக்கம் என் கையைக் கேட்டுக்கொண்டே அவர் மூச்சை அடக்கி வைத்திருந்தார். வாழ்க்கையில் நானும் அவரும் சேர்ந்து செய்த ஒரே வேலை அது.

அதுவரை வாயே திறக்காத நெட்டையம்மா பைக்குள் கைவிட்டுக் கேமராவை எடுத்தார். "ஒரு படம் எடுத்துக்கலாமா?"

படம் என்ற சொல் விழுந்ததும் அம்மா தெருவைப் பார்த்தாள். வேன் இல்லை. வெள்ளையாக எதுவுமே இல்லை, மரங்களைத் தவிர. ஒரு நொடி திகைத்தாள். அடுத்த நொடி அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டாள். மாப்பிள்ளைக்குக் காட்டத்தான்!

"நல்லா எடுங்கம்மா. ஏய், இப்டி வந்து நில்லு. நெத்தி முடிய ஒதுக்கு." அக்காவை வெயிலில் நிறுத்தினாள்.

நெட்டையம்மா அக்காவை ஒரு படம் எடுத்தார், மரியாதைக்கு எடுத்தது போல. பிறகு என் பக்கம் திரும்பித் தரையில் மண்டியிட்டார். எடுக்கவில்லை. கண்ணைக் கேமராவில் ஒட்டிக்கொண்டு அப்படியே இருந்தார். நான் இடித்தேன். அவர் காத்திருந்தார். ஒரு சின்ன சத்தம், பல்லி உச்சுக் கொட்டியது போல. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"சின்னத ஏன் எடுக்கறாங்க?" என்று அம்மாவின் உதடு அசைந்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சின்னவள் எதற்கு?

மறுநாள் காலை தெருவுக்குள் வெள்ளை வேன் வந்தது. அதே குடை, அதே துணிப்பை. இருமுகிறவர்களைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போய் நெஞ்சைப் படம் பிடிக்கப்போவதாகக் குட்டையம்மா வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் தெருவிலிருந்தே மூன்று நான்கு பேர் ஏறிக்கொண்டார்கள்.

"அடியே, நேத்து ஒன் வூட்டாண்ட வந்தவங்கடி இவங்க!" என்றாள் அத்தை.

"இவங்க வேற, அவங்க வேற."

"அதே வாட்ச்சுடி!"

"ஒரே மாதிரி வாட்ச்சு ஊர்ல இருக்கக்கூடாதா? ஒன் வேலயப் பாருக்கா."

அம்மா அதைச் சொன்னது நைனாவுக்குக் கேட்கட்டும் என்றா, தனக்குக் கேட்கட்டும் என்றா, தெரியவில்லை. வேன் எங்கள் வாசலுக்கு நேரே நின்றது. அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் அவள் அங்கும் இங்கும் அல்லாமல் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு காலில் தூசி, ஒரு காலில் சாணம் மெழுகிய ஈரம்.

"வண்டிய அனுப்பிடு," என்றார் நைனா. "பொண்ணு மொதல்ல போவட்டும்."

அம்மா தெருவுக்குப் போய் வேனைப் பார்த்துக் கைகூப்பினாள். எங்கள் வீட்டில் யாருமில்லை என்று வாயால் சொல்லவில்லை. கும்பிட்டபடியே நின்றாள். வேன் போய்விட்டது. புழுதி அடங்க வெகுநேரம் பிடித்தது.

வைகாசியில் அக்காவின் கல்யாணம் நடந்தது. நைனா பந்தலில் துண்டைப் போர்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். ராத்திரி குடி அதிகமாகிவிட்டது போல என்று வந்தவர்கள் கண்ணடித்துக்கொண்டார்கள். அம்மாவும் சிரித்தாள். கார்த்திகை மழையில் நைனா போனார். மாலையோடு வந்த மேஸ்திரி, "குடிய வுட்டிருந்தா இன்னும் இருந்திருப்பான்" என்று சொல்லிவிட்டு டீ குடித்தார். வேனில் ஏறியவர்களும் பிழைக்கவில்லை, அது உங்களுக்கே தெரியும். ஆனால் அவர்கள் நெஞ்சுக்குள் இருந்தது கல்மாவு என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அவர்கள் சாவில் மலைக்கும் பங்கு உண்டு என்று ஆனது. என் நைனாவின் சாவில் மலைக்குப் பங்கில்லை.

பல வருஷம் கழித்து, தண்ணி கேட்டு வந்தவர்களைப் பற்றி நான் பேச்செடுத்தபோது, அக்காவின் மாமியார் வெற்றிலை போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார். "தண்ணி கேக்கறதுக்கா? நாங்க யாரயும் அனுப்பலியே. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அனுப்பறது? எங்க வூட்டுக்காரரும் கல்லு ஒடச்சவருதான். பொண்ணு பாக்கற அன்னிக்கு மாட்டுக் கொட்டாயில படுக்க வெச்சி மறைச்சோம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அம்மாவிடம் நான் அதைச் சொல்லவுமில்லை.

போன மாதம் நம் குழுவில் உங்களில் ஒருத்திதான் ஒரு படத்தை அனுப்பி, ‘இது நீதானடி?’ என்று கேட்டாள். நெட்டையம்மா காலமாகிவிட்டாராம். அவர் எடுத்த படங்களைக் காஞ்சிபுரத்தில் ஒரு மண்டபத்தில் மாட்டியிருந்தார்கள். போனேன். குழாயடி இருந்தது. வேனில் ஏறியவர்கள் எல்லாரும் இருந்தார்கள், எலும்பு எண்ணும்படி, கண் மட்டும் பெரிதாக. அவர்களுக்கு நடுவே நான். கீழே ‘உரலில் இடிக்கும் சிறுமி, உத்திரமேரூர் அருகே’ என்று எழுதியிருந்தது.

"பாவம்ல? இந்த வயசுலயே என்ன வேலை வாங்கியிருக்காங்க" என்றாள் என் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண். நான் தலையாட்டினேன். எத்தனை பேர் இப்படிப் பாவம் பார்த்திருப்பார்கள். பாவம் சரிதான், விலாசம்தான் தப்பு.

வாசலருகே சக்கர நாற்காலியில் குட்டையம்மா இருந்தார். வாட்ச் இல்லை. நான் யாரென்று சொல்லாமல் கேட்டேன். "இந்த வீட்ல சீக்குக்காரங்க யாரும் இல்லையாம்மா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இல்லைன்னுதான் சொன்னாங்க. எங்களுக்குச் சந்தேகம். உரல் சத்தம் வெறும் உரல் சத்தமா இருந்தது. மறுநாள் வேனை அங்கே நிறுத்தச் சொன்னதே நான்தான். அந்தம்மா கும்பிட்டாங்க. கும்பிடறவங்களைத் தாண்டிப் போய்க் கதவைத் திறக்க நாங்க யாரும்மா?"

நல்ல பதில். எத்தனை மேடையில் சொல்லித் தேய்ந்த பதிலோ என்றும் தோன்றியது. திரும்பிப் போய் மறுபடி படத்தைப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். நான் கலங்கியிருக்கிறேன். உலக்கையும் என் முகமும் புகை போல அசைந்துகிடக்கின்றன. கதவுதான் தெளிவு. கரண்டிக் காம்பின் நெளிவு, பலகையின் வெடிப்பு, எல்லாம் தெளிவு. அவர் அவ்வளவு நேரம் மண்டியிட்டுக் காத்திருந்தது எனக்காக இல்லை. கதவின் அடியில், கோழி நுழைகிற இடுக்கில், வெளிச்சம் விழுந்த இடத்தில் கால் விரல்கள். சுவரோரம் உட்காரவைத்தவர் எழுந்து வந்து கதவோடு நின்றிருக்கிறார். அம்மா சொன்னது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு. எத்தனை நாள் வீட்டில் கிடந்தும், நகக்கண்ணில் இன்னும் போகாத வெள்ளை.

கேமராவில் பார்த்தவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. அது இரக்கமா, நல்ல படம் கிடைத்த திருப்தியா? போய்ச் சேர்ந்தவரிடம் கேட்க முடியாது. படத்தைப் போனில் எடுத்துக்கொண்டேன்.

அம்மா இப்போது அக்காவோடு பழையசீவரத்தில் இருக்கிறாள். பார்வை மங்கல். போனை முகத்தண்டை பிடித்துக் காட்டினேன்.

"தோ, நீ இடிக்கற. எம்மாஞ் சின்னதா கீற பாரு." சிரித்தாள். "அவங்க எடுத்ததா? மாப்பிள வூட்டுக்காரங்க?"

"ஆமாம்மா."

கண்ணைச் சுருக்கினாள். விரல் உரலிலிருந்து நகர்ந்து கதவுக்குப் போனது, கதவிலிருந்து கீழே போனது. விரல் பட்டதும் படம் சட்டென்று பெரிதானது. திரை முழுக்க அந்தக் கால் விரல்கள்.

அம்மா தெருப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை அகல விரித்துத் திரையை மூடினாள்.

"யாராவது பாத்துக் கேட்டா," என்றாள் மெதுவாக, "வேலைக்கிப் போயிகீறாருன்னு சொல்லு."